இட்லிப் பானையும் தகரக் கூரையும்: வெயில் ஏழைகளை எப்படி வேகவைக்கிறது?

இட்லிப் பானையை அடுப்பில் ஏற்றுகிறோம். அடியில் தண்ணீர், அதன்மேல் மாவு ஊற்றிய தட்டுகள், எல்லாவற்றுக்கும் மேல் மூடி. பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் இட்லி வெந்துவிடுகிறது. அதே அடுப்பு, அதே தீ, அதே மாவுதான். ஆனால் மூடியைப் போட மறந்துவிட்டால் நேரம் போய்க்கொண்டே இருக்கும், மேல்தட்டு மாவு சரியாக வேகாது. தீ மட்டும் இட்லியை வேகவைப்பதில்லை. தீ எவ்வளவு, உள்ளே ஆவி எவ்வளவு, மூடி எவ்வளவு இறுக்கம், தட்டு எவ்வளவு நேரம் உள்ளே இருந்தது என்ற நான்கும் கூடித்தான் அந்த வேலையைச் செய்கின்றன.

காலநிலை மாற்றம் மனித உடலைத் தாக்குவதும் இந்த நான்கின் வழியாகத்தான். பூமி சூடாகிறது என்று செய்தி வரும்போது அது எல்லோருக்கும் பொதுவான துன்பம் போலத் தோன்றுகிறது. சூரியன் ஒன்றுதானே, அது ஆள் பார்த்தா சுடுகிறது என்று கேட்கலாம். தீ பொதுதான். மற்ற மூன்றும் பொது அல்ல. காற்றோட்டமில்லாத வீடு, தகரக் கூரை, வெயிலில் கழியும் வேலை நேரம் ஆகிய மூன்றையும் நம் சமூகம் முன்பே பங்கு போட்டு வைத்திருக்கிறது. அந்தப் பங்கீடு எப்படி உயிர் வரைக்கும் போகிறது என்பதை ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

1. தீ

உலக வானிலை அமைப்பின் கணக்குப்படி, 2024ஆம் ஆண்டில் பூமியின் சராசரி வெப்பநிலை தொழிற்புரட்சிக்கு முந்தைய காலத்தைவிட ஏறத்தாழ 1.55 டிகிரி செல்சியஸ் அதிகமாக இருந்தது. பதிவுகள் தொடங்கியதிலிருந்து அதுவே மிகச் சூடான ஆண்டு.

ஒன்றரை டிகிரி காதுக்குச் சிறிதாகத்தான் கேட்கும். ஆனால் இது கடலும் பனிமலையும், பகலும் இரவும், கோடையும் குளிரும் சேர்ந்த சராசரி. சராசரி இவ்வளவு ஏறும்போது தாங்க முடியாத நாட்களின் எண்ணிக்கை அதைவிட வேகமாக ஏறுகிறது. 2022 மார்ச் மாதம் இந்தியாவில் 1901க்குப் பிறகு பதிவான மிக வெப்பமான மார்ச். அக்கினி நட்சத்திரம் வருவதற்குப் பல வாரங்கள் முன்பே வடஇந்தியாவில் கோதுமை வயல்கள் கருகத் தொடங்கிவிட்டன.

2. ஆவி

பானைக்குள் இட்லியை வேகவைப்பது ஆவி. குளிர்ந்த மாவின்மேல் ஆவி படிந்து நீராக மாறும்போது, தன்னிடம் இருந்த வெப்பத்தை அதனிடம் கொட்டிவிடுகிறது. இதன் மறுபக்கமும் உண்மை: நீர் ஆவியாகும்போது தன்னைச் சுற்றியுள்ள வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும்.

நம் உடல் நம்பியிருப்பது இந்த மறுபக்கத்தை. உடலின் உள்வெப்பம் 37 டிகிரியை ஒட்டியே இருக்க வேண்டும். அது 40 டிகிரியைத் தாண்டினால் மூளை குழம்பும், உறுப்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும். அந்த எல்லைக்குப் போகாமல் காப்பது வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பத்தை உடலிலிருந்து எடுத்துச் சென்றுவிடும். வியர்வை சொட்டுவதால் மட்டும் உடம்பு குளிராது. அது ஆவியாக வேண்டும். ஆவியாவதற்குக் காற்றில் இடம் இருக்க வேண்டும். மூடிய இட்லிப் பானைக்குள் இருக்கும் காற்றில் அந்த இடம் இல்லை.

இதை அளக்க ஒரு வழி உண்டு. வெப்பமானியின் குமிழில் ஈரத்துணியைச் சுற்றி, காற்று படும்படி வைத்தால் அது காட்டும் அளவுக்கு ஈரக்குமிழ் வெப்பநிலை என்று பெயர். வியர்த்த உடல் எந்த அளவுக்குக் குளிர முடியும் என்பதை இது சொல்லிவிடும். 42 டிகிரி வெயிலும் 20 சதவீத ஈரப்பதமும் உள்ள வறண்ட ஊரில் ஈரக்குமிழ் அளவு சுமார் 24 டிகிரி. 35 டிகிரி வெயிலும் 70 சதவீத ஈரப்பதமும் உள்ள கடலோர ஊரில் அது சுமார் 30 டிகிரி. தொலைக்காட்சியில் சொல்லும் வெப்பநிலையைப் பார்த்தால் முதல் ஊர்தான் கொடுமையானது. உடம்பைக் கேட்டால் இரண்டாவது ஊர் என்று சொல்லும்.

ஈரக்குமிழ் அளவு 35 டிகிரியைத் தொட்டால் ஆரோக்கியமான மனிதரும் சில மணி நேரத்துக்கு மேல் தாங்க முடியாது என்று 2010இல் விஞ்ஞானிகள் கணக்கிட்டார்கள். பிறகு அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வகத்தில் இளைஞர்களை வைத்துச் சோதித்தபோது, ஈரமான வெப்பத்தில் சுமார் 31 டிகிரியிலேயே அவர்களின் உடல் வெப்பம் கட்டுப்பாட்டை மீறத் தொடங்கியது. முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும் எல்லை இன்னும் கீழே.

பூமி ஒரு டிகிரி சூடானால் காற்று ஏறத்தாழ 7 சதவீதம் அதிக நீராவியைத் தாங்கும். தீ கூடும்போது பானைக்குள் ஆவியும் சேர்ந்தே கூடுகிறது என்பது இதன் பொருள். 2023 ஏப்ரல் 16 அன்று நவி மும்பையில் ஒரு திறந்தவெளி அரசு விழாவில் மணிக்கணக்கில் அமர்ந்திருந்தவர்களில் 14 பேர் வெப்பத் தாக்குதலால் இறந்தார்கள். அன்று அங்கே பதிவான வெப்பநிலை சுமார் 38 டிகிரி மட்டுமே.

நம் எச்சரிக்கை முறையோ வெப்பமானியையே பெரிதும் நம்பியிருக்கிறது. சமவெளியில் 40 டிகிரி, கடலோரத்தில் 37 டிகிரி எட்டி, வழக்கத்தைவிட 4.5 டிகிரியாவது கூடினால்தான் பொதுவாக அது வெப்ப அலை. சென்னையிலும் தூத்துக்குடியிலும் உடலை வதைக்கும் புழுக்கமான நாட்கள் பல, இந்தக் கணக்குக்குள் வராமலே கழிந்துவிடுகின்றன.

3. மூடி

இதுவரை சொன்னது இயற்பியல். பணமும் சாதியும் உள்ளே நுழையும் இடம் மூடி.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டோ தகரமோ வேய்ந்த ஒற்றை அறை வீட்டை நினைத்துப் பாருங்கள். ஷீட் மெல்லியது, காலை பத்து மணிக்கே சூடேறிவிடும். அதற்குக் கீழே உள்கூரை இல்லை. சூடான ஷீட் நாள் முழுக்க உள்ளே இருப்பவர்மேல் வெப்பத்தை வீசிக்கொண்டே இருக்கும். பக்கத்து வீட்டுச் சுவர் ஒட்டி நிற்பதால் சன்னல் வைக்க இடமில்லை. சன்னல் இருந்தாலும் சாக்கடை நாற்றத்துக்கும் கொசுவுக்கும் பயந்து சாத்தியே இருக்கும். அதே அறையில்தான் அடுப்பும். சோறு வடிக்கும் ஆவியும் குளித்து வந்த ஈரமும் வெளியேற வழி கிடையாது. அந்த அறையில் அதிக நேரம் இருப்பவர்கள் யார்? சமைக்கும் பெண், கைக்குழந்தை, நடமாட முடியாத முதியவர், நோயாளி.

மின்விசிறி இருக்கிறதே என்று தோன்றலாம். காற்று தோலைவிடக் குளிர்ந்திருக்கும்போது விசிறி உதவும். அறைக் காற்றே தோலைவிடச் சூடாக இருக்கையில், விசிறி சூட்டையும் உடம்பின்மேல் தள்ளுகிறது. முதியவர்களுக்கு வியர்வை சுரப்பதும் குறைவு என்பதால் அவர்களுக்கு ஆபத்து கூடுதல்.

இரவு இன்னும் முக்கியம். பகல் முழுக்க வாங்கிய அடியிலிருந்து இதயமும் சிறுநீரகமும் மீள்வது இரவின் குளிர்ச்சியில்தான். மரமில்லாத, கான்கிரீட் நெருங்கிய பகுதிகளில் சுவரும் சாலையும் பகலில் குடித்த வெப்பத்தை இரவில் கக்குகின்றன. தூங்காத உடம்போடு மறுநாள் காலை வேலைக்குப் போக வேண்டும்.

வசதி உள்ளவர் மூடியைத் திறந்துவிடுகிறார். இந்தியாவில் சுமார் பத்தில் ஒரு வீட்டில்தான் ஏசி இருக்கிறது. ஏசி வெப்பத்தை அழிப்பதில்லை. அறைக்குள் இருப்பதை எடுத்துத் தெருவில் விடுகிறது, தான் ஓடுவதால் உண்டாகும் சூட்டையும் சேர்த்து. ஒருவர் பானையைத் திறந்ததும் வெளியேறும் ஆவி, பக்கத்தில் மூடியோடு இருக்கும் பானையின்மேல் அடிக்கிறது. ஏசியை இயக்கும் மின்சாரத்தின் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்து வருவதால் அடுப்பின் தீயும் கொஞ்சம் ஏறுகிறது.

4. நேரம்

இந்த இடத்தில் பானை ஒப்புமை ஒன்றைச் சொல்லத் தவறுகிறது. இட்லிக்குத் தன் வயிற்றுக்குள் தீ இல்லை. மனிதருக்கு உண்டு. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நம் உடல் சுமார் 100 வாட் வெப்பத்தை உண்டாக்குகிறது. கலவைப் பாண்டைத் தலையில் சுமந்து மாடியேறும் சித்தாளின் உடலில் அது 400 வாட்டுக்கு மேல் போகும். அந்த வெப்பத்தை மட்டும் இறக்கவே மணிக்கு அரை லிட்டருக்கு மேல் வியர்வை ஆவியாக வேண்டும். வெளியிலிருந்து வெயில் ஏற்றும் சூட்டுக்குத் தனிக் கணக்கு.

வேலையை நிறுத்தினால் உள்தீ தணியும். நிறுத்தும் அதிகாரம் அவரிடம் இருக்கிறதா? செங்கல் சூளையில் ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. உணவு கொண்டுவரும் இளைஞருக்கு ஒவ்வொரு டெலிவரிக்கும் காசு. நாற்று நடுபவருக்கு நாள் கூலி. நிழலில் உட்கார்ந்த ஒவ்வொரு நிமிடமும் அவர்களின் சம்பளத்திலிருந்து கழிகிறது. இட்லித் தட்டை இறக்கும் நேரத்தைச் சமைப்பவர் முடிவு செய்வதுபோல, இவர்கள் வெயிலிலிருந்து இறங்கும் நேரத்தை வேறொருவர் முடிவு செய்கிறார்.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2019இல் வெளியிட்ட அறிக்கை, 2030இல் வெப்பத்தால் இந்தியா தன் வேலை நேரத்தில் 5.8 சதவீதத்தை இழக்கும் என்று மதிப்பிட்டது. அது 3 கோடியே 40 லட்சம் முழுநேர வேலைகளுக்குச் சமம். அந்த இழப்பில் பெரும்பங்கு விவசாயத்திலும் கட்டட வேலையிலும் விழும்.

தமிழ்நாட்டு உப்பளங்களைப் பாருங்கள். நிழல் தர ஒரு மரம் கிடையாது. மேலிருந்து வெயில், கீழே வெண்ணிற உப்புப் பரப்பில் பட்டு எதிரொளிக்கும் வெயில். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் பேராசிரியர் வித்யா வேணுகோபால் குழு, ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளர்களை ஆராய்ந்தது. பத்தில் ஒன்பது பேர் பாதுகாப்பான வரம்பை மீறிய வெப்பத்தில் உழைத்தார்கள். நூற்றுக்கு ஏழு பேருக்குச் சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருந்தது.

வியர்வையில் போன நீரைக் குடித்து ஈடுகட்டினால் சிறுநீரகம் தப்பும். ஆனால் பல உப்பளங்களிலும் சூளைகளிலும் கட்டட இடங்களிலும் பெண்களுக்குக் கழிவறை இல்லை. ஒதுங்க இடமில்லாததால் அவர்கள் தண்ணீர் குடிப்பதையே தள்ளிப் போடுகிறார்கள். கழிவறை கட்டாத ஒரு முதலாளியின் சிக்கனம், வெயிலோடு சேர்ந்து ஒரு பெண்ணின் சிறுநீரகத்தைத் தின்கிறது.

அதே குழு தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்து நடத்திய இன்னொரு ஆய்வு 2024இல் வெளியானது. கடும் வெப்பத்தில் வேலை செய்த பெண்களுக்குக் கருச்சிதைவும் குழந்தை இறந்து பிறப்பதும் நேரும் ஆபத்து, குளிர்ந்த இடத்தில் வேலை செய்தவர்களைவிட இரண்டு மடங்கு. வயலிலும் சூளையிலும் உப்பளத்திலும் நின்ற பெண்கள் ஒருபக்கம். பள்ளியிலும் மருத்துவமனையிலும் வேலை பார்த்தவர்கள் மறுபக்கம். இரு தரப்பின் மீதும் காய்ந்தது ஒரே கோடைதான்.

5. அடித்தட்டில் யார்?

உப்பளம், சூளை, துப்புரவு, கூலி விவசாயம், கட்டட வேலை ஆகியவற்றில் நிற்பவர்கள் யார் என்று கேட்டால் விடை ஊரறிந்தது. தலித் மக்கள், பழங்குடியினர், நிலமற்றோர், வடமாநிலங்களிலிருந்து வந்த புலம்பெயர் தொழிலாளர்கள், கணவனை இழந்து குடும்பத்தைத் தாங்கும் பெண்கள். நிலமும் படிப்பும் தலைமுறை தலைமுறையாக மறுக்கப்பட்டதால் வெயிலில் நிற்கும் வேலை அவர்கள் தலையில் விழுந்தது. காலநிலை மாற்றம் இந்த ஏற்றத்தாழ்வைப் புதிதாக உண்டாக்கவில்லை. இருந்த தட்டுகளைக் கலைக்காமல் தீயை மட்டும் கூட்டியிருக்கிறது.

கூட்டிய தீ அடுத்த சுற்றில் ஏழ்மையையும் கூட்டுகிறது. மயங்கி விழுந்தவருக்கு நான்கு நாள் கூலி போகும். மருத்துவச் செலவுக்குக் கடன் வாங்க வேண்டும். வட்டி கட்ட அடுத்த மாதம் இன்னும் அதிக நேரம் வெயிலில் நிற்க வேண்டும். சிறுநீரகம் கெட்டால் மகனோ மகளோ படிப்பை நிறுத்திவிட்டு அதே உப்பளத்துக்கு வருவார்கள். ஒரு கோடையின் காயம் இப்படி அடுத்த தலைமுறை வரை போகிறது.

இந்தச் சேதம் கணக்கிலும் ஏறுவதில்லை. வெயிலில் விழுந்து இறந்தவரின் சான்றிதழில் பெரும்பாலும் மாரடைப்பு என்றே எழுதப்படுகிறது. அகமதாபாத்தில் 2010 மே மாதம் 46.8 டிகிரி வெயில் அடித்தது. அந்த மாதத்தின் மொத்த இறப்புகளை வழக்கமான ஆண்டுகளோடு ஆய்வாளர்கள் பிறகு ஒப்பிட்டபோதுதான் 1,344 பேர் கூடுதலாக இறந்திருந்தது தெரிய வந்தது.

6. தீயை மூட்டியவர் யார்?

2019ஆம் ஆண்டில் உலக மக்களில் வருமானத்தில் முதல் 10 சதவீதத்தினர் மொத்தக் கரியமில வாயு வெளியேற்றத்தில் ஏறத்தாழ பாதிக்குக் காரணமாக இருந்தார்கள் என்று ஆக்ஸ்ஃபாம் அமைப்பின் 2023 அறிக்கை கணக்கிட்டது. கீழ்ப்பாதியில் உள்ள அத்தனை கோடிப் பேரின் பங்கு சுமார் 8 சதவீதம். ஓர் அமெரிக்கரின் ஆண்டுச் சராசரி வெளியேற்றம் 14 டன்னை ஒட்டி வரும். ஓர் இந்தியரின் சராசரி 2 டன் அளவு. இந்தியருக்குள்ளும் விமானத்தில் பறப்பவரும் உப்பு வாருபவரும் ஒரே சராசரிக்குள் அடைபட்டிருக்கிறார்கள். கார் இல்லாத, ஏசி இல்லாத, ஒற்றை விளக்கு எரியும் வீட்டின் பங்கு மிகச் சொற்பம். தீ மூட்டாதவர்கள் முதலில் வேகிறார்கள்.

7. மூடியைத் திறக்கும் வழிகள்

உலகத் தீயைக் குறைப்பது நாடுகளின் பொறுப்பு. அதற்குப் பல ஆண்டுகள் ஆகும். மூடியையும் நேரத்தையும் மாற்றுவது இந்தக் கோடையிலேயே முடியும். முடியும் என்பதற்குச் சான்றுகள் உண்டு.

2010 இழப்புக்குப் பிறகு அகமதாபாத் 2013இல் தெற்காசியாவின் முதல் நகர வெப்பச் செயல்திட்டத்தைத் தொடங்கியது. முன்னெச்சரிக்கை, மருத்துவமனைகளின் ஆயத்தம், பொது இடங்களில் குடிநீர் என்று வேலை பிரிக்கப்பட்டது. அதன் பிறகு ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் அதிகமான இறப்புகள் தவிர்க்கப்பட்டதாக ஓர் ஆய்வு மதிப்பிட்டது. கூரைக்கு வெள்ளைப் பூச்சு அடித்தால் வீட்டுக்குள் 2 முதல் 5 டிகிரி வரை குறைகிறது.

நேரத்தை மாற்றச் சட்டம் வேண்டும். கேரளத் தொழிலாளர் துறை கோடைதோறும் நண்பகல் 12 மணி முதல் 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று ஆணையிடுகிறது. நம்மூர் இளைஞர்கள் பலர் கட்டட வேலைக்குப் போகும் கத்தாரில், 2021 முதல் ஜூன் 1இலிருந்து செப்டம்பர் 15 வரை காலை 10 மணிக்கும் பிற்பகல் 3.30க்கும் இடையே வெயிலில் வேலை செய்யத் தடை. இந்தியாவில் 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் கூரைக்குக் கீழே உள்ள வெப்பத்தைப் பற்றிப் பேசியது. திறந்தவெளியில் நிற்பவருக்கு நாடு முழுமைக்குமான வெப்ப வரம்பு எதுவும் இல்லை.

கூலி இழப்பை ஈடுகட்டவும் வழி கண்டிருக்கிறார்கள். குஜராத்தில் சேவா என்னும் பெண் தொழிலாளர் அமைப்பு, 2023இல் 21,000 பெண்களுக்கு வெப்பக் காப்பீட்டைத் தொடங்கியது. வெப்பநிலை குறித்த அளவைத் தாண்டினால், உடல்நலச் சான்று எதுவும் கேட்காமல் பணம் வரும். அடுத்த ஆண்டு 50,000 பெண்கள் சேர்ந்தார்கள். அந்தக் கோடையில் பெரும்பாலோருக்குத் தொகை கிடைத்தது.

தமிழ்நாடு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் உண்டு. நல்ல தொடக்கம். ஆனால் இறப்புக்குக் காரணம் வெப்பம் என்று சான்று தேவை. அந்தச் சான்றுதான் ஏழைக்குக் கிடைப்பதில்லை. 2025இல் சென்னை மாநகராட்சி உணவு விநியோகிக்கும் தொழிலாளர்களுக்குக் குளிரூட்டிய ஓய்வறையை அண்ணா நகரில் திறந்தது. இதுபோன்ற இடங்கள் ஒவ்வொரு வட்டத்திலும், சூளையிலும், உப்பளத்திலும் வர வேண்டும்.

படிப்பவர்களிடம் சில வேண்டுகோள்கள். கோடையில் உங்கள் வீட்டில் கட்டட வேலையோ பெயிண்ட் வேலையோ நடந்தால், காலை ஆறு மணிக்குத் தொடங்கிப் பதினொன்றுக்கு நிறுத்தச் சொல்லுங்கள். மாலை நான்குக்கு மேல் தொடரட்டும். அதற்காகக் கூலியைக் குறைக்காதீர்கள். குடிநீரை நிழலில் வையுங்கள். வீட்டுக் கழிவறையைப் பயன்படுத்தச் சொல்லுங்கள். வெயிலில் நின்ற ஒருவர் உளறினாலோ தடுமாறினாலோ நிழலுக்குக் கொண்டுவந்து, உடலெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். உடனே 108ஐ அழையுங்கள். மயங்கியவர் வாயில் தண்ணீர் புகட்டாதீர்கள்.

வாக்குக் கேட்டு வருபவரிடம் மூன்றைக் கேளுங்கள்: புழுக்கத்தையும் சேர்த்துக் கணக்கிடும் எச்சரிக்கை, திறந்தவெளித் தொழிலாளருக்குக் கூலியோடு கூடிய நண்பகல் ஓய்வு, தகரக் கூரை வீடுகளுக்கு அரசுச் செலவில் வெப்பம் தடுக்கும் பூச்சு. நிழலும் தண்ணீரும் ஓய்வும் நல்ல முதலாளி மனமிரங்கித் தரும் சலுகைகளாக இருக்கும்வரை இறப்புகள் நிற்கப் போவதில்லை. குறைந்தபட்சக் கூலியைப் போலவே அவையும் சட்டத்தில் எழுதப்பட்ட உரிமைகளாக வேண்டும்.